வெள்ளை மூடி

சட்டியில் ஈயம் கண்ணாடி போல நின்றது. ஷாகுல் மேலே படிந்த சாம்பல் நிறக் கசடைக் கரண்டியின் முதுகால் ஒதுக்கிவிட்டு, ஒரு கரண்டி மொண்டு அச்சில் ஊற்றினான். அச்சை மூடி, மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுத் திறந்தான். சன்னல் கம்பி போலக் கட்டம் கட்டமாய் ஒரு சட்டம் பலகையில் விழுந்தது. கன்னியம்மா அதைக் கிடுக்கியால் இழுத்து, ஓரத்துப் பிசிறுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து அடுக்கினாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஜெயவேலு அதே சட்டங்களில் ஈயப்பொடிக் களிம்பை மரக்கட்டையால் அப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தான். லாரிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் போகிற பேட்டரிகளுக்குள் இருப்பவை இந்தத் தகடுகள்தான்.

திருநீர்மலைச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது அந்தத் தகரக் கொட்டகை. பின்வாசல் வழியாகப் பார்த்தால் மலையும் அதன் மேல் கோபுரமும் தெரியும். காலையில் கூர்மையாகத் தெரிகிற கோபுரம், சட்டி சூடேறி நீலப்புகை கிளம்பிய பிறகு தண்ணீருக்குள் நிற்பது போல ஆடத் தொடங்கும். புகைக்குப் போக வேறு வழி கிடையாது. ஷாகுலின் முகத்தைத் தடவிக்கொண்டுதான் அது பின்வாசலுக்குப் போயாக வேண்டும்.

வேறு வழி ஒன்று வருவதாகத்தான் இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஷாகுலின் மணிக்கட்டு சொன்னபடி கேட்காமல் தொங்கிவிட்டது. கரண்டி சரிந்து, உருகிய ஈயம் பாதத்தில் தெறித்தது. தாம்பரத்தில் கட்டுப்போட்ட டாக்டர் காலோடு நிறுத்தாமல் கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், விலாவுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கினார். "ஈரல் வீங்கியிருக்கு. புகை இல்லாத வேலையாப் பாரு" என்றார். மீசை முளைத்த நாளிலிருந்து ஈயம் ஊற்றுகிறவனுக்குப் புகை இல்லாத வேலையை யார் கொடுப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை.

அவன் கட்டுப்போட்ட காலோடு வேலைக்கு வந்த அன்றைக்குக் கன்னியம்மாதான் முதலில் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் முதலாளி சாம்பசிவன் இறங்கி வந்தார். மறைமலை நகரில் மூடிப்போன ஒரு பட்டறையின் ஏலத்தில் பெரிய தகரக் கூண்டு ஒன்றை வாங்கி, டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். நான்கு பக்கமும் சரிந்து மேலே குறுகி, உச்சியில் வட்டமாய் ஓட்டை வைத்த கூண்டு. சட்டிக்கு மேலே தொங்கவிட்டு மோட்டார் வைத்தால், புகையை உறிஞ்சிக் கூரைக்கு வெளியே தள்ளிவிடும். மோட்டார் வர வேண்டும், குழாய் வர வேண்டும் என்றார். கூண்டு மதில் ஓரத்தில் கிடந்தது. ஷாகுல் தினமும் சைக்கிளை அதன் பக்கத்தில்தான் நிறுத்துவான். துரு ஏறிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதுகில் பை, கையில் அட்டைப்பெட்டி. கொட்டகைக்குள் நுழைந்ததும் அவளுக்கு இருமல் வந்தது. துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, பிறகு அது மரியாதையில்லை என்று நினைத்தவள் போல எடுத்துவிட்டாள்.

"இவங்க சின்மயி. காலேஜ்ல ஆராய்ச்சி பண்றாங்க. உங்க நல்லதுக்குத்தான் வந்திருக்காங்க" என்றார் சாம்பசிவன்.

"நல்லது பண்ண வர்றவங்க அல்லாரும் பொட்டியோடதான் வர்றாங்க பாய்" என்று கன்னியம்மா ஷாகுலின் காதுக்கு மட்டும் சொன்னாள்.

சின்மயி பெட்டியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்துக் காட்டினாள். உள்ளே கரும்பச்சையாய் ஏதோ இருந்தது. "கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, இன்னும் ரெண்டு இலையோட சாறு. ஈயம் உடம்புல சேர்ந்தா ஈரலையும் பாதிக்கும். இந்தச் சாறு ஈரலைக் காப்பாத்துதான்னு பாக்கறோம். லேப்ல எலிக்குக் குடுத்தோம், ரிசல்ட் நல்லா வந்தது."

"எலிக்கப்புறம் நாம்பதானா மேடம்?" என்றான் ஜெயவேலு.

எல்லாரும் சிரித்தார்கள். சின்மயியும் சிரித்தாள். பிறகு அவள் முகம் சிவந்துவிட்டது. "பிடிக்கலேன்னா வேணாம், கட்டாயம் கிடையாது..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் முதலாளி, "சம்மதம் இல்லாதவங்க யாராச்சும் கை தூக்குங்க, பாப்போம்" என்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போது யார் தூக்குவார்கள்? எல்லாக் கைகளும் சாம்பல் பூசிக்கொண்டு தொடையோரமே கிடந்தன.

ஷாகுல் மட்டும் வாயைத் திறந்தான். "கூண்டு எப்ப சார் ஏத்துவீங்க?"

"அதுக்குத்தான்யா இது. கோடை முடியற வரைக்கும் குடிங்க. முன்னாடியும் பின்னாடியும் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அப்பவும் ஈரல் சரியாகலேன்னா கூண்டை நானே முன்ன நின்னு ஏத்தறேன். போதுமா? இன்னொண்ணு, நாளையிலேர்ந்து பால் கிடையாது. இந்த மருந்தும் பாலும் சேரக் கூடாது."

ஈயக் கொட்டகையில் காலையில் ஒரு டம்ளர் பால் கொடுப்பது வழக்கம். பால் குடித்தால் புகை ஒட்டாது என்று சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, ஷாகுலுக்குக் கணக்கில் வருகிற சம்பளத்தில் அதுவும் ஒன்று. பால் நிற்கிறது என்றதும் அவன் சின்மயியின் முகத்தைப் பார்த்தான். அவள் சட்டென்று முதலாளி பக்கம் திரும்பி, எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். அதை அவன் மனதில் முடிந்து வைத்துக்கொண்டான்.

அன்றைக்கே ஊசிபோட்டு ரத்தம் எடுத்தார்கள். மறுநாளிலிருந்து காலை பதிவு போட்டதும் ஆளுக்கொரு புட்டி. ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டியிருந்தது. சிலதுக்குப் பச்சை மூடி, சிலதுக்கு வெள்ளை மூடி. வாட்ச்மேன் எதிரிலேயே குடித்துவிட்டு வெற்றுப் புட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கன்னியம்மா ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்துத் தரையில் காறித் துப்பினாள். "யப்பா, வேப்பங்கொட்டைய அரைச்சு ஊத்தனா மாதிரி கீது."

ஷாகுல் நாக்கில் உருட்டிப் பார்த்தான். "எனுக்கு அப்டி ஒண்ணும் தெர்லியே. வெல்லத் தண்ணி மாதிரி கீது."

"உனுக்கு நாக்கு செத்துப்பூட்ச்சு பாய். ஈயம் தின்ன நாக்குல இன்னா ருசி தெரியும்?"

அது பொய்யும் இல்லை. கொஞ்ச நாளாகவே அவன் வாயில் எப்போதும் ஒரு தகரத் தித்திப்பு. சோறும் தித்திக்கும், குழம்பும் தித்திக்கும். ஆனாலும் அவன் மனம் அடங்கவில்லை. கசப்பைத் தித்திப்பாக்குகிற அளவுக்கா நாக்கு கெட்டுவிட்டது? மறுநாள் புட்டியை வாயில் வைத்துச் சாய்ப்பது போலப் பாவனை செய்து, வாட்ச்மேன் திரும்பிய நேரத்தில் பாதியை டிபன் பாக்ஸ் மூடிக் கிண்ணத்தில் ஊற்றி மறைத்துவைத்தான். சாயங்காலம் கடப்பேரி வரைக்கும் அது சிந்தாமல் சைக்கிளை மிதித்தான்.

வீட்டில் மனைவி ஜெய்னப் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து கிண்ணத்தை முகர்ந்தாள். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது சர்பத்துங்க."

"கசக்குதா?"

"எங்க கசக்குது? வெல்லம் போட்டிருக்காங்க. பச்சையா ஏதோ கலர் கலந்திருக்காங்க. அவ்ளோதான்." அவள் கிண்ணத்தைக் கழுவப் போனாள். "நீங்க சந்தேகப்படறதுல பெரிய ஆளாச்சே. நம்ம கல்யாணத்தன்னிக்கே கறி கொறையுதான்னு பிரியாணி அண்டாவ எட்டிப் பாத்தவராச்சே."

"கொறைஞ்சுதா இல்லியா?"

ஜெய்னப் கிண்ணத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். குறைந்துதான் இருந்தது.

அடுத்த நாள் டீ நேரத்தில் ஷாகுல் கன்னியம்மாவிடம், "அக்கா, நாளைக்கு உன் புட்டில ஒரு வாய் வை" என்றான். அவளும் வைத்தாள். மூடியளவுதான் குடித்தான். கசப்பு காது மடல் வரைக்கும் ஏறிற்று. செத்துப்போனதாகச் சொன்ன நாக்கு அப்படியே சுருண்டது. அவனுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், அப்படியானால் தன் புட்டியில் இருப்பது என்ன என்ற கேள்வி.

அன்றைக்கு மதியச் சோற்றின்போது களிம்புத் தொட்டிக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்தார்கள். விசாரித்ததில் விஷயம் தெளிவாகிவிட்டது. பச்சை மூடி கசக்கிறது, வெள்ளை மூடி தித்திக்கிறது. ஷாகுலுக்கும் ஜெயவேலுவுக்கும் வெள்ளை.

"நாம்ப தப்பிச்சோம் பாய்" என்றான் ஜெயவேலு. "கசக்கறதுதான் விசம். கன்னிம்மா பாடு பேஜார்தான். அடுத்த மாசம் அதுக்குப் பதினாறாம் நாள் சாப்பாடு."

"உன் வாய்ல ஈயத்த காச்சி ஊத்த" என்றாள் கன்னியம்மா சோற்றைப் பிசைந்தபடி. "விசத்த குடிச்சுதான் நான் உன்ன மாரி நாலு பேர வேல வாங்கினு கீறனா?"

ஷாகுல் சிரிக்கவில்லை. "மருந்துன்னா கசக்கும். தித்திக்கறது மருந்து இல்ல. நமக்கு மருந்து வேணாம்னு எவனோ முடிவு பண்ணிகீறான். ஏன்? அன்னிக்கு அடுப்ப அணைச்சுட்டு வாசல்ல முன்னாடி குந்தினவங்களுக்கெல்லாம் வெள்ளை. யோசிச்சுப் பாரு."

"மொத மொத பிரஷ்ஷ கீழ போட்டது நானு. எனுக்குப் பச்சை வந்துகீதே?"

ஷாகுல் ஒரு கவளம் சோற்றை மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தான். அவன் கட்டிய கணக்கு உடைந்துபோனது. சந்தேகம் மட்டும் உடையவில்லை. "அப்ப வேற ஏதோ கணக்கு" என்றான்.

"அந்தப் பொண்ணையே கேட்டுடலாமா?"

"கேட்டா நிறுத்திடுவாங்க அக்கா. மருந்தும் போச்சு. கோடை முடிஞ்சா கூண்டுன்னு சொன்னாரே, அதுவும் போச்சு. நீங்கதானே குடிக்கலன்னு சொல்லுவாரு."

கன்னியம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த அலுமினியக் கெட்டிலை எடுத்து, குழாயடியில் அலசிக்கொண்டு வந்தாள். அந்தக் கொட்டகையில் எதுவும் ஒருவர் வாய்க்கு மட்டும் போனதில்லை. டீ குறைவாக வாங்கினால் அந்தக் கெட்டிலில் ஊற்றி ஆளுக்குப் பாதியாக நிரவுவார்கள். பக்ரீத்துக்கு ஷாகுல் கொண்டுவரும் பிரியாணியும், ஆடி மாதம் கன்னியம்மா கொண்டுவரும் கூழும் வந்த வேகத்தில் பங்காகிவிடும். பங்கு சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஷாகுலின் வேலை. அவன் கண்ணுக்கு யாரும் தப்ப முடியாது.

"நாளைலேர்ந்து அல்லாம் இதுல" என்றாள் கன்னியம்மா. "விசம்னா அல்லாரும் சாவோம். மருந்துன்னா அல்லாரும் பொழைப்போம். இன்னா பாய்?"

வாட்ச்மேனுக்கு ஒரு கட்டு பீடி கொடுத்து அவரை வாசல் பக்கம் திருப்பிவிட்டார்கள். காலையில் எல்லாப் புட்டிகளும் கெட்டிலுக்குள் கவிழ்ந்தன. கன்னியம்மா கலக்கினாள். ஷாகுல் டம்ளர்களை வரிசையாக வைத்து, குனிந்து மட்டம் பார்த்து ஊற்றினான். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம், லேசான ஒரே கசப்பு. அது தொண்டைக்குள் இறங்கும்போது அவனுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மனம் நிம்மதியாக இருந்தது. யாரோ தூரத்தில் உட்கார்ந்து பிரித்துப் போட்டதை இங்கே ஒரு கெட்டிலால் சேர்த்துவிட்டோம் என்று தோன்றியது. அன்றைக்கு நீலப்புகைக்குள் ஆடிக்கொண்டிருந்த கோபுரத்தைக்கூட அவன் ஏதோ வேறு தேசத்துக் கட்டிடத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சின்மயி வாரம் ஒருமுறை வந்தாள். புதுப் பெட்டியை வைத்துவிட்டு, வெற்றுப் புட்டிகளைச் சரிபார்த்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் தூக்கம் எப்படி, பசி எப்படி, வயிற்று வலி உண்டா என்று கேட்பாள். மெல்ல மெல்ல அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. "ஷாகுல் அண்ணா, கை எப்படி இருக்கு?" என்று மறக்காமல் கேட்பாள். அவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவான். அது சில நாள் நிமிர்ந்து நிற்கும், சில நாள் செத்த கோழியின் கழுத்தைப் போலத் தொங்கும். "பரவால்ல மா" என்பான். அவள் நல்லவள் என்று தோன்றத் தோன்ற, அவளிடம் எதையோ மறைக்கிறோமே என்பதைவிட, அவள் எதையோ மறைக்கிறாளே என்பதுதான் அவனை அதிகமாக அரித்தது.

அந்தக் கோடையில் மின்வெட்டு ஆரம்பித்தது. கரண்ட் போனால் அடுப்பின் காற்றுக்குழாய் நின்றுவிடும். சட்டியில் ஈயம் மேலே தோல் கட்டிக்கொண்டு உறையும். எல்லாரும் பின்வாசலில் காற்றாட உட்கார்ந்திருப்பார்கள். புகையில்லாத அந்த நேரத்தில் கோபுரம் அசையாமல் நிற்கும்.

மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் சின்மயி வந்தாள். பெட்டி இல்லை. முகம் வாடியிருந்தது. கரண்ட் இல்லாத நேரம். பின்வாசலில் அவர்களோடு ஒரு பழைய பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"இன்னாமா, மொகமே சரியில்ல?" என்றாள் கன்னியம்மா.

"ரிசல்ட் வந்துடுச்சு அக்கா. ரெண்டு குரூப்பும் ஒண்ணு போலவே இருக்கு. டிஃபரன்ஸே இல்ல. எங்க தப்பு நடந்துச்சுன்னே புரியல. என் கைடு என்னைக் கேக்கறாரு, நான் யாரைக் கேக்கறது?"

கன்னியம்மா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டாள். ஜெயவேலு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். ஷாகுல் கேட்டான். "வெள்ளை மூடில இன்னா இருந்துச்சும்மா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இப்ப முடிஞ்சிடுச்சு, சொல்லலாம். அதுல மருந்து இல்லண்ணா. கலர் போட்ட வெல்லத் தண்ணி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா தண்ணி. சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம், ஆளைப் பாத்து இல்ல. ரெண்டையும் வெச்சுப் பாத்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும். எங்கேயும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"எங்ககிட்ட சொல்லலியே."

"சில பேருக்குத் தண்ணிதான் இருக்கும்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி சார்கிட்ட சொன்னேன். தான் பேசிக்கறேன்னாரு." அவள் குரல் இறங்கிவிட்டது. "நானே சொல்லியிருக்கணும்."

ஷாகுல் உள்ளே போய்ச் சுவரிலிருந்து கெட்டிலைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தான். அடியில் பச்சைக் கறை காய்ந்து படிந்திருந்தது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள். முகர்ந்தாள். விளங்கியதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மொத வாரத்துலேர்ந்தேவா?"

"ஆமா. அல்லாருக்கும் சமமா ஊத்தினேன். ஒரு சொட்டு ஏத்தம் கொறைச்சல் கெடையாது" என்றான் ஷாகுல். சொல்லும்போதே அந்தப் பெருமை எங்கோ தவறான இடத்தில் நிற்பதாக அவனுக்குத் தோன்றியது.

சின்மயி கெட்டிலைக் கையால் தள்ளிவைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, மருந்து விஷயத்தை விடுங்க. தண்ணி மட்டும் குடிச்சவங்க ரத்தம் இந்தப் புகை என்ன பண்ணுதுன்னு அப்படியே காட்டியிருக்கும். அதை வெச்சு, மருந்து மட்டும் போதாது, கூண்டு இல்லாம முடியாதுன்னு நான் எழுதியிருக்கலாம். சாரால மறுக்க முடியாம இருந்திருக்கும். இப்ப எல்லார் ரிப்போர்ட்டும் அரைகுறையா இருக்கு. கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருக்கு. மருந்தாலயா, கரண்ட் கட்டால புகை கொறைஞ்சதாலயா, எதையும் சொல்ல முடியல."

ஷாகுல் தன் மணிக்கட்டைப் பார்த்தான். இன்றைக்கு அது தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப, நான் கெட்டுப்போய்க் காட்டினாத்தான் கூண்டு வரும்னு சொல்றியாமா?"

அப்போது கரண்ட் வந்தது. உள்ளே காற்றுக்குழாய் உறுமியது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

அவளே முதலாளியிடம் போனாள். ஷாகுலும் கன்னியம்மாவும் அறை வாசலில் நின்றார்கள். சாம்பசிவன் செல்போனில் பேசி முடித்து, "சொல்லும்மா" என்றார்.

"சார், இந்த ஸ்டடி செல்லாது. எல்லாரும் மருந்தைக் கலந்து குடிச்சிருக்காங்க. இதை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. நீங்க கூண்டை ஏத்திடுங்க சார், அதுதான் சேஃப்."

"கலந்து குடிச்சாங்களா?" அவர் எட்டி வாசலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று ஷாகுல் எதிர்பார்த்தான். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. எதிர்பாராமல் லாட்டரி விழுந்தவர் போல இருந்தது. "எல்லாரும் குடிச்சிருக்காங்க. சரி. ஈரல் கணக்கு கொறைஞ்சிருக்கா இல்லியா?"

"கொறைஞ்சிருக்கு, ஆனா அது..."

"பாதி மருந்து குடிச்சதுக்கே கொறைஞ்சிருக்கு. முழுசாக் குடிச்சா?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் என்ன சொன்னேன் ஷாகுல்? சரியாகலேன்னா கூண்டு ஏத்தறேன்னேன். சொன்னேனா? அதான் சரியாயிட்டு வருதே."

"மறுபடியும் டாக்டர்கிட்ட போனேன் சார். வீக்கம் அப்டியேதான் கீதுன்னாரு."

"அந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாரா? கையால அமுக்கித்தானே பாத்தாரு? இவங்க மெஷின்ல பாத்திருக்காங்கய்யா."

"சார், என் பேரை வெச்சு இதைச் சொல்லாதீங்க" என்றாள் சின்மயி. சாம்பசிவன் அவளுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடிக்காமல் போனாள். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. ஒருமுறை ஷாகுலுக்குப் போன் செய்து, வேறு இடத்தில் ஆராய்ச்சியைத் தொடர்வதாகவும், அங்கே நடக்கிற வைத்திய முகாமுக்கு அவன் வர வேண்டும் என்றும் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வர முடியாத தூரத்தில் இருந்தது.

மழைக்காலம் மறுபடியும் வந்தது. ஒரு திங்கட்கிழமை ஷாகுல் சைக்கிளை நிறுத்த மதிலோரம் போனபோது கூண்டு அங்கே இல்லை. ஏற்றிவிட்டார்களா? சட்டிக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே ஓடினான். அங்கே கூரைத் தகரமும் ஒட்டடையும் தவிர ஒன்றுமில்லை.

"அங்க இல்ல பாய். பின்னாடி வா" என்றாள் கன்னியம்மா.

பின்வாசலுக்கு வெளியே, ஜெயவேலு தகடுகளைக் காயவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், செங்கல் அடுக்கி அதன்மேல் கூண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். அகன்ற வாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் செம்மண் கொட்டியிருந்தது. மண்ணில் வரிசையாகக் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் நட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு முக்காலியும் கல்லுரலும்.

"இனிமே வெளில வாங்கறதில்லையாம். நாம்பளே பறிச்சு நாம்பளே அரைச்சுக் குடிக்கணுமாம். தெனிக்கும் வாட்ச்மேன் எதுர்ல. பீடி குட்தாலும் திரும்ப மாட்டாராம், சொல்லிட்டாரு" என்றாள் கன்னியம்மா. "தண்ணி ஊத்தற வேல உனுக்கு. கை முடியாதவனுக்கு லேசான வேலையாம். சார் பாசமா சொன்னாரு."

"சம்பளம்?"

"அதுல பாசம் கெடையாது. பாதி நாளு சட்டி, பாதி நாளு செடி. செடி நாளுக்குப் பாதிதான்."

காற்று அடித்தது. காயவைத்த தகடுகளிலிருந்து பொடி எழுந்து, கொஞ்ச நேரம் வெயிலில் மினுமினுத்துவிட்டு இலைகளின் மேல் இறங்கியது. ஷாகுல் ஒரு இலையை விரலால் தடவினான். கூண்டைத் தடவிய அதே பழக்கத்தில்தான் கை போனது. விரல் நுனி சாம்பலாயிற்று. இலையில் அவன் தடவிய கோடு மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

கன்னியம்மா ஒரு பிடி பறித்து வாளித் தண்ணீரில் அலசினாள். தண்ணீர் கசடு ஒதுக்கிய சட்டியைப் போலப் பளபளத்தது. அவள் அதைக் கொட்டிவிட்டு மறுபடி அலசினாள். மறுபடியும் அதேதான். இலைகளைக் கல்லுரலில் போட்டாள். வாட்ச்மேன் டம்ளர்களோடு வந்து நின்றார்.

"செடிக்குத் தண்ணி ஊத்து பாய்" என்றாள்.

ஷாகுல் இடது கையால் செம்பைப் பிடித்து, வலது மணிக்கட்டை அதற்கு முட்டுக் கொடுத்து ஊற்றினான். உள்ளே யாரோ அடுப்பைப் பற்றவைத்திருந்தார்கள். நீலப்புகை எப்போதும் போலப் பின்வாசல் வழியாக வந்து, அவன் முகத்தைத் தடவிக்கொண்டு, செடிகளின் மேல் படர்ந்து போயிற்று. மலைக்கோபுரம் ஆடத் தொடங்கியது. மண் தண்ணீரைக் குடித்து முடித்ததும், கூண்டின் அடியில், புகை போவதற்கென்று வைத்திருந்த வட்டமான ஓட்டை வழியாக மிச்சத் தண்ணீர் எந்தத் தடையும் இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது.